இரண்டாவது அட்டை

பாண் விற்கும் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். கல்முனையில் மற்ற வீடுகளுக்கு அது காலைத் தேநீரின் சத்தம். எனக்கு அது ஒரு புத்தாண்டுக் காலை. மனைவி கேற்றடியில் சீனிப் பணிஸ் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். நான் கோயிலிலிருந்து வருகிறேன், சட்டைப் பையில் ஒரு பொய்யோடு.

எங்கள் சபையில் வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்துப் பரப்பிவைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். அதில் எந்த வசனமோ, அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவரிடம் சொன்னது. வர முடியாதவர்களுக்கு வீட்டார் எடுப்பார்கள். மனைவிக்கு மார்பில் கட்டி. அறுத்தெடுக்கத் தை மாதக் கடைசியில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். ஆராதனையன்று காய்ச்சலும் சேர்ந்ததால் அவள் வரவில்லை. அவளுக்காக நான் எடுத்தேன்.

வந்தது தண்ணீர். தண்ணீரைக் கடக்கையில் கூட இருப்பதாகச் சொல்லும் வசனம். கடல் ஊருக்குள் வந்த வருடம் அவளுடைய அம்மாவையும் தம்பியையும் கொண்டுபோன கரை இது. இந்தக் கரையில் எவன் தன் மனைவிக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பான்? பின்னால் நின்றவர் இருமினார். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அது சுகம் தருவதாகச் சொன்னது.

பணிஸ் சீனி ஒட்டிய விரல்களால் அவள் அதை வாங்கி, ஓட்டோக்காரன் மிச்சக் காசை நீட்டிக்கொண்டு நிற்க, இரண்டு தரம் வாசித்தாள். அழுதாள். பொங்கலுக்கு முன்பே, ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள்.

"கர்த்தர் சொல்லிப்போட்டார். இனி வெட்டுறதுக்கு என்ன இருக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. இரண்டாம் தரம் கையை நகர்த்தியது அவராகவும் இருக்கலாமே என்று எனக்குள்ளேயே ஒரு பிரசங்கம் ஓடியது. நான் செய்த கள்ளத்துக்கு நானே ஆமென் சொன்னேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்போம், அவருக்குத்தான் பொறுக்கவில்லை. அவருடைய கணவருக்கு இறக்காமத்தில் வயல். கதிர் முற்றினால் யானைக் காவல். மதிலுக்கு மேலால் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"புள்ள, எங்கட மனிசன் பரண்ல குந்திக்கிட்டுத்தான் துஆ கேக்கிற. துஆவக் கேட்டுப்போட்டு ஊட்ட வந்து படுக்கிறல்ல."

"உங்கட ஆனைக்கு வெடி போடலாம் ராத்தா. இது அவர்ர வாக்கு" என்று இவள் சிரித்தாள். ராத்தா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

ஆவணியில் கை வீங்கியது. நாள் வாங்கிக் காத்திருக்க நேரமில்லாமல் கொண்டோடினோம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் அடக்கம் செய்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத் தந்துவிட்டுப் போனார்கள்: இதிலும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். ராத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். நோக்கம் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. அட்டைத் தட்டில் ஆண்டவர் அதை முதலாவதாகவே வைத்திருந்தார், எனக்குத்தான் பிடிக்கவில்லை. நம்பாதவனுக்கு ஒரு சுகம் உண்டு, கோபித்துக்கொண்டு போய்விடலாம். எனக்கு அதுவும் இல்லை. நம்பிக்கொண்டே கசக்கிறது. ஞாயிறு தவறாமல் போகிறேன், பின்வரிசை வாங்கில் இருக்கிறேன், வருடப் பிறப்பில் அட்டைத் தட்டு வந்தால் எழும்பி வெளியே போகிறேன்.

அவளிடம் சொன்னது சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில், தள்ளுகட்டிலில் கிடந்தபோது. தாதி கதவைத் திறக்கப் போயிருந்தார். அட்டையை மாற்றித்தான் எடுத்தேன் என்றேன். அவள் கோபிக்கவில்லை, முதலாவதில் என்ன இருந்தது என்று கேட்டாள். தண்ணீர், என்றேன். கடக்கும்போது கூட இருப்பார் என்று. கதவு திறந்தது. கட்டில் அசைந்தது. அவள் தலையைத் திருப்பினாள்.

"அதத்தானே நான் ஆண்டவரிட்ட கேட்டுக்கொண்டிருந்த நான். அத ஏன் திருப்பி வெச்ச நீங்க?"