மூக்கால் பேசும் பெட்டி

தையல் ஆலையில் ஓடும் அறுபது மெஷின்களுக்கும் ஒரே வைத்தியர் அந்த அக்காதான். நூல் சிக்கினாலும் சரி, மோட்டார் முரண்டு பிடித்து நின்றாலும் சரி, "அக்காவைக் கூப்பிடு" என்ற சத்தம்தான் முதலில் கிளம்பும். மேல்கோட்டுப் பையில் இரண்டு ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்க் குப்பி, ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே அக்கா கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சபையின் மேடையில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பார். சாதாரண கிட்டாரின் கம்பி முடி மாதிரி என்றால் இதன் கம்பி கயிறு மாதிரி. மொத்தம் நாலே நாலு. அதனால் சபையில் அவருக்குத் தடிக்கம்பி அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "ஒல்லிக்கம்பின்னு சொன்னாதான் பொய்யாயிடும்" என்று தன் உடம்பைக் காட்டிச் சிரிப்பார்.

அவர் பேஸ் பிடித்த கதையே தனி. பதிமூன்று வருடங்களுக்கு முன்னால் அதை வாசித்துக்கொண்டிருந்தவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. கிட்டார் சுவரில் சாய்ந்து தூசி தின்றுகொண்டிருந்தது. அக்கா அப்போது பாடகர் குழுவில் கடைசியில் நிற்பார். தொண்டை கரகரப்பு, பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல ஓரடி தள்ளி நிற்பார்கள். ஒருநாள் கிட்டாரில் கேபிள் சொருகும் இடம் ஆடுவதைப் பார்த்தார். கை சும்மா இருக்குமா? ஸ்க்ரூடிரைவரை எடுத்து முடுக்கிவிட்டு, சரியாகிவிட்டதா என்று ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். வயிற்றுக்குள் யாரோ மெதுவாக "ஆமென்" சொன்னது போலிருந்தது. அன்றிலிருந்து பேஸ் அவருடையதாயிற்று. கிட்டார் வாசிக்கிற அவருடைய தம்பி விரல் வைக்கிற இடங்களைக் காட்டிக் கொடுத்தான். மீதியைக் கடவுளும் கொப்புளங்களும் கற்றுக் கொடுத்தார்கள்.

சிக்கல் வந்தது புது மண்டபத்தால். பழையதைப் போல மூன்று மடங்கு. அதுவரை அக்கா வாசித்தது கீபோர்டுக்காக வாங்கிய, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆம்பில். புது மண்டபத்தில் அது முதல் வரிசையைத் தாண்டாது. பேஸுக்கென்றே ஆம்பும் ஸ்பீக்கர் கேபினெட்டும் வேண்டும் என்று அக்கா கேட்டார். சபைச் செயலாளர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எதையும் கழித்துப் பார்க்கிற ஆள்.

"கீபோர்டுலயே இடது கையால அந்தக் கீழ்ச் சத்தத்தை வாசிச்சுடலாமே சிஸ்டர். அதுக்குன்னு தனியா ஒரு பெட்டி, தனியா ஒரு ஆள் எதுக்கு? உண்மையைச் சொல்லுங்க, அது யாருக்குக் கேக்குது?"

சபைக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பதிமூன்று வருடமாக வாசித்தது யாருக்குமே கேட்கவில்லையா?

போதகர்தான் வழி சொன்னார். "மியூசிக் கடைக்காரர் சாமானை இரவலாக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கார். நீங்களே போய்ப் பொறுக்கி எடுங்க. ரெண்டு சனிக்கிழமை புது மண்டபத்துல வாசிச்சுப் பாப்போம். கடைசி வரிசைக்குத் தெளிவாக் கேட்டா வாங்குவோம். இல்லேன்னா கீபோர்டு போதும்."

வீட்டுக்கு வந்து அக்கா புலம்பியபோது அவருடைய வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியார்கிட்ட வாயால பேசி ஜெயிக்க முடியாது. கேக்க வச்சுடு."

மறுநாளே அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். குறுகலான மாடிப்படி, மேலே நீளமான அறை, சுவரோரம் ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாக நிற்கும் கேபினெட்டுகள். கண்ணாடிப் பெட்டிக்குள் மிட்டாய் அடுக்கியது போல விதவிதமான நிறத்தில் பெடல்கள். தம்பிக்குப் பெடல் என்றால் உயிர். காலால் மிதித்தால் சத்தம் வேறு வேஷம் போடும் அந்தச் சின்னப் பெட்டிகளில் ஏழு அவனிடமே இருந்தன.

"இந்த ஆக்டேவைப் பாருக்கா. நீ வாசிக்கிறதுக்குக் கீழ இன்னொரு சத்தத்தைச் சேத்துக் குடுக்கும். இது கோரஸ். தண்ணியில அலையடிக்கிற மாதிரி இருக்கும்."

பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று பூட்டிய பெரிய கேபினெட்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு அக்கா உட்கார்ந்தார். ஆம்பில் கனத்த சத்தத்துக்கான பேஸ் குமிழை முழுக்கத் திருகினார்கள், நடுச் சத்தத்துக்கான மிடில் குமிழை முழுக்கக் குறைத்தார்கள். ஒரு கம்பியைத் தட்டியதும் அவருடைய புடவை ஓரம் ஆடிற்று. இரண்டாவது கம்பியில் கண் கலங்கிவிட்டது.

"இதுதான்டா" என்றார்.

"சொன்னேன்ல!" என்று தம்பி தொடையில் தட்டிக்கொண்டான்.

முதல் சனிக்கிழமை. டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு, பாடகர்கள் எல்லோரும் சேர்ந்து தொடங்கினார்கள். இரண்டு வரி போவதற்குள் ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்க ஆரம்பித்தன. சத்தம் இருந்தது, சுரத்தைத்தான் காணோம். எந்தச் சுரத்தை வாசித்தாலும் மண்டபம் அதை வாங்கி உருட்டி ஒரே உறுமலாகத் திருப்பிக் கொடுத்தது. பாடகர்கள் ஆளுக்கொரு சுருதியில் போய் முட்டிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து செயலாளர் கையைத் தூக்கினார்.

"லாரி ஸ்டார்ட் ஆகுது சிஸ்டர். ஆனா கிளம்பவே மாட்டேங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார். பெட்டியை வண்டியில் ஏற்றிக் கடைக்கே திருப்பி அனுப்பினார். வீட்டில் முழங்காலில் நின்றவர், நல்ல பெட்டியைத் தாரும் என்று கேட்கவில்லை. "ஆண்டவரே, என் காது எங்கே தப்புப் பண்ணுச்சுன்னு காட்டும்" என்றுதான் கேட்டார்.

பதில் திங்கட்கிழமை ஆலையில் வந்தது. அறுபது மெஷினும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நுழையும்போதே அக்கா சொன்னார், "மூணாவது வரிசையில யாரு? ஊசி ஹூக்குல உரசுது பாரு, நிறுத்தும்மா." அந்தப் பெண் நிறுத்திப் பார்த்தாள். உரசத்தான் செய்தது. மேற்பார்வையாளர் எப்போதும் போல வாயைப் பிளந்தார். "இவ்வளவு இரைச்சல்ல எப்படிக்கா கேக்குது உங்களுக்கு?"

"அது பெரிய சத்தம் இல்லீங்க. மத்த மெஷினெல்லாம் தொண்டையில உறுமும். கெட்டுப்போனது மட்டும் மூக்கால பேசும். அதனால தனியாத் தெரியும்."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. கடையில் அவர் செய்ததென்ன? ஒரே ஒரு மெஷினைத் தனியாக ஓட்டி, அதன் மடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மண்டபத்தில் அது மற்றவர்களோடு அல்லவா ஓட வேண்டும்!

புதன்கிழமை வேலை முடிந்ததும் மறுபடி கடை. இந்த முறை ஸ்டூல் வேண்டாம் என்றுவிட்டார்.

"உங்ககிட்ட இருக்கறதுலயே நீளமான கேபிளைக் குடுங்க. அப்புறம் அந்தக் கீபோர்டுல டிரம்ஸ் தாளத்தைச் சத்தமாப் போட்டு விடுங்க. டேய், நீ உன் கிட்டாரை எடு. நிறுத்தாம வாசி."

"ஏம்மா, சாமான் வாங்க வந்தீங்களா, கச்சேரி வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். ஆனாலும் தாளத்தைப் போட்டார்.

அக்கா பேஸை மாட்டிக்கொண்டு, கேபிளை இழுத்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்கு நடந்தார். அதுவும் போதாதென்று மாடிப்படியில் நாலு படி இறங்கி நின்றார். அங்கே நின்று வாசித்தார். பதினைந்து அங்குலப் பெட்டி முதல் வரியிலேயே மற்ற சத்தங்களில் கரைந்துபோயிற்று. அடுத்து, பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு பூட்டிய கேபினெட். பரவாயில்லை, ஆனால் உயரம் இடுப்பு மட்டும்தான், சத்தமெல்லாம் முதல் வரிசையின் முழங்காலுக்குத்தான் போகும் என்று தோன்றிற்று. மூலையில் இரண்டு சின்னக் கேபினெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு.

"அது ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வையுங்க. ஸ்பீக்கர் நாலும் ஏணி மாதிரி நிக்கணும்."

கடைக்காரர் ஆம்பின் முதுகிலும் கேபினெட்டுகளின் முதுகிலும் எழுதியிருந்த ஓம் என்ற மின்தடை அளவைக் குனிந்து பார்த்தார். "ரெண்டையும் சேத்தாலும் ஆம்ப் தாங்கும், போடலாம்" என்று சொல்லி அடுக்கினார். மேல் ஸ்பீக்கர் அக்காவின் தோள் உயரத்துக்கு வந்தது. அக்கா பேஸ் குமிழைக் குறைத்தார். மிடில் குமிழை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். தம்பி முகத்தைச் சுளித்தான்.

தம்பி சொருகியிருந்த ஆக்டேவையும் கோரஸையும் கழற்றி வைத்தாயிற்று. கம்ப்ரஸர் என்ற பெடலை மட்டும் மிதித்துப் பார்த்தார். அழுத்தித் தட்டிய சுரத்தையும் மெல்லத் தட்டிய சுரத்தையும் அது இஸ்திரி போட்டது போல ஒரே சீராக்கிக் கொடுத்தது. அது வேண்டும். பிறகு ஓவர்டிரைவ். முழுக்கத் திறந்தால் காட்டுக் கத்தல். கடுகளவு திறந்தால் சத்தத்துக்கு ஒரு சொரசொரப்பு. அந்தக் கடுகளவு வேண்டும்.

தாளத்தை நிறுத்திவிட்டு, தனியாக ஒரு வரி வாசித்துக் காட்டினார். தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, சளி பிடிச்சவன் மாதிரி இருக்குக்கா. மூக்கால பேசுது!"

"பேசட்டும்டா. பேசறது புரியுதா இல்லையா?"

"புரியுது. ஆனா அழகா இல்லையே."

"நான் தனியா வாசிக்கப்போறேனா? அழகு உன் கிட்டார்ல இருக்கட்டும்."

கடைக்காரர் படியோரம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் படியில் இறங்கி நின்று பெட்டி வாங்கிய ஆள் இவர் ஒருவர்தான் என்றார். அக்காவுக்குக் காது மடல் சூடாயிற்று.

இரண்டாவது சனிக்கிழமை. செயலாளர் கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் போதகர் மேடைக்கு வந்து அக்காவின் காதருகே குனிந்தார்.

"மூணாவது சரணத்துல சட்டுனு நிறுத்திடுங்க சிஸ்டர். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஐயையோ, எதுக்கு பாஸ்டர்?"

"நிறுத்துங்களேன்."

பாட்டு தொடங்கிற்று. ஜன்னல் கண்ணாடிகள் சும்மா இருந்தன. முதல் சரணம், இரண்டாவது சரணம். பாடகர்கள் நூல் பிடித்தது போல ஒரே சுருதியில் போனார்கள். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு, தன்னையறியாமல் காலால் தரையைத் தட்டிக்கொண்டு தானும் பாடினார். அக்கா மூன்றாவது சரணத்துக்கு வரிகளை எண்ணிக்கொண்டே வாசித்தார். கேட்காமலே போய்விட்டால்? நிறுத்தியது யாருக்குமே தெரியாமல் பாட்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால், அதற்கு மேல் இந்த மேடையில் நிற்க அவருக்கு என்ன முகம் இருக்கும்?

மூன்றாவது சரணம் வந்தது. மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

கீபோர்டு ஓடிற்று, டிரம்ஸ் ஓடிற்று, கிட்டார் ஓடிற்று. ஆனால் பாடகர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் வரியை விட்டுவிட்டாள். கடைசி வரிசையில் தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. செயலாளர் கண்ணைத் திறந்தார், எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னாச்சு? எதை நிறுத்துனீங்க? கீழ தரையை உருவிட்ட மாதிரி இருக்கே!"

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா கையை எடுத்து அடுத்த சுரத்தைத் தட்டினார். பாட்டு மறுபடி தரையில் கால் ஊன்றிற்று. திரும்பிப் பார்த்தவர்கள் முன்பக்கம் திரும்பினார்கள். தம்பி தன் வாசிப்பை மறந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் அன்று தப்பு தப்பாக வாசித்தான்.

பாட்டு முடிந்ததும் செயலாளர் அந்த நீள மண்டபம் முழுக்க நடந்து மேடைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கேட்ட கேள்வி தப்பு சிஸ்டர். இத்தனை நாளும் எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு. இன்னிக்கு இல்லாமப் போனப்பதான் தெரிஞ்சுது."

"சின்ன ஆம்புலயும் உங்களுக்குக் கேட்டிருக்குன்னா, அது எனக்குப் பெருமைதான் ஐயா" என்றார் அக்கா.

செயலாளர் திரும்பினார். மேடையின் பின்சுவரில் வயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த இடத்துல ரெண்டு பாயிண்ட் போடு. ஒண்ணு ஆம்புக்கு, ஒண்ணு பெடலுக்கு."

"எக்ஸ்டென்ஷன் போர்டு போதுமா சார், இல்ல..."

"சுவத்துக்குள்ளயே பதிச்சுப் போடுப்பா. பேஸ் எங்கயும் போகாது."

எலக்ட்ரீஷியன் சாக்பீஸை எடுத்துப் புது வெள்ளைச் சுவரில் இரண்டு கட்டம் வரைந்தான். அக்கா கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காமலே கிட்டே போய், அந்த இரண்டு கட்டத்தையும் நின்று பார்த்தார்.

"இன்னும் ஓரடி மேல வைப்பா" என்றார். "தரையைக் கழுவும்போது தண்ணி படக் கூடாது. ரொம்ப வருஷம் இருக்கணும்ல."