வாத்து பஸ் ஏறிய புத்தகம்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிறகு போடியில் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை. கண் மங்கத் தொடங்கியதும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தேன். மணி அடிப்பேன், கூட்டுவேன், குடிதண்ணீர் பிடித்து வைப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்ட என்னைத்தான், இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த ஒரு வருடம், பெரிய டீச்சர் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்து பீரோவுக்குக் கதைப் புத்தகம் வாங்க வேண்டும். வெறும் படம் பார்க்கிற புத்தகம் வேண்டாமாம். பகுதி பகுதியாகக் கதை போக, பிள்ளைகள் யார் துணையும் இல்லாமல் தாங்களே வாசித்து முடிக்க வேண்டுமாம்.

“தேனிக்கு வாங்க ஆயாம்மா. நீங்கதான் பாத்து எடுக்கணும்.”

“எனக்கு என்ன டீச்சர் தெரியும்?”

“எனக்கு எதை எடுத்தாலும் லேசாத்தான் இருக்கு. எங்கன கல்லு கெடக்குன்னு தடுக்கினவுகளுக்குத்தான தெரியும்?”

எனக்கு உடனே நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஞாபகம் வந்தது. அவள் அம்மா விடியுமுன் ஜீப்பில் கேரளத்து மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவள். வாசிக்கச் சொன்னால் இவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவாள், மற்றதுகள் சிரிக்கும். அப்புறம் தண்ணீர்ப் பானையருகில் என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“எனக்குப் படிப்பு ஒட்டாது ஆயாம்மா. நானும் அம்மாகூட ஜீப்புல போயிருவேன்.”

அழாமல் சொல்வாள். அதுதான் எனக்குத் தாங்காது. இவள் ஒரே ஒரு புத்தகத்தைத் தானாக வாசித்துவிட வேண்டும் என்று கிடந்தது மனசு.

தேனிக் கடையில் எனக்குத் தெரிந்த விதமாகத்தான் பிரித்தேன். ஏலக்காயில் பெரிய காய்தானே முதல் தரம்? எழுத்து பெரிதாக இருந்ததையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கினேன்.

“என்னாத்தா, கத்திரிக்காயா பொறுக்குறீக?” என்றார் கடைக்காரர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாவது வரியிலேயே மூடிவிட்டாள்.

“எழுத்துதான் பெருசு ஆயாம்மா. இப்படி யாரு பேசுவாக? எனக்கு வராதுன்னு அப்பவே சொன்னேன்ல?”

அந்தப் பக்கத்தை நானும் வாசித்துப் பார்த்தேன். ராஜா வீட்டுப் பேச்சாக இருந்தது, எனக்கும் விளங்கவில்லை. என் தப்பு அப்போதுதான் உறைத்தது. ஏலக்காய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் இப்படித்தான், பெரிய காயாக அள்ளிக் குவித்தேன். பாதிக்கு மேல் உள்ளே விதை இல்லாத பொக்கு. விரலால் அமுக்கிப் பார்க்கணும் என்று பக்கத்தில் இருந்தவள் சொல்லித் தந்தாள். அதை எப்படி மறந்தேன்?

“மாத்திக் குடுப்பாகளா டீச்சர்?” நானாக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுபடி தேனி. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை முணுமுணுத்து வாசித்தேன். தடுக்குகிற சொல்லுக்கெல்லாம் ஒரு விரலை மடக்கினேன். ஒரு கை மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

“இங்கனயே படிச்சு முடிச்சிட்டா எதை ஆத்தா வாங்குவீக?” என்றார் கடைக்காரர். டீச்சர் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் அந்த வாத்துப் புத்தகம் கைக்கு வந்தது. எழுத்து சிறிதுதான். ஒரு வாத்து தெரியாமல் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. ஒரு பகுதிக்கு ஒரு ஸ்டாப். முதல் பகுதி முடிகிற இடத்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருகிறார். வாத்து என்ன செய்யும்? பக்கத்தைத் திருப்பினேன். அதற்கடுத்ததையும் திருப்பினேன். டீச்சர் தோளைத் தொட்டார். மூன்று முறை கூப்பிட்டாராம். கையைப் பார்த்தால் கட்டைவிரல் மட்டும் மடங்கியிருந்தது. இந்த வயதில் ஒரு வாத்துக்காக எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. புத்தகம் இப்படியெல்லாம் செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். முதல் நாள் இடைவேளையில் எழுத்தின் மேல் விரல் ஓடியது, உதடும் கூடவே அசைந்தது. மறுநாள் விரலைக் காணோம். மூன்றாம் நாள் மணி அடிக்க வந்தபோது பார்க்கிறேன், உதடும் அசையவில்லை. கண் மட்டும் வரி வரியாகப் போகிறது. நடுவில் தானாகச் சிரித்துக்கொள்கிறாள்.

நான் பஸ் போர்டு வாசித்தாலும் இன்றுவரை உதடு அசையும். இவளோ சத்தமே இல்லாமல் வாசிக்கிறாள். அந்தச் சின்னத் தலைக்குள் வாத்தும் கண்டக்டரும் பேசுகிறார்கள். கையெட்டும் தூரத்தில் நிற்கிற எனக்குக் கேட்கவில்லை. வைகை அணையில் மதகு திறந்து தண்ணீர் பொங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றுகூட இப்படி மலைத்து நின்றதில்லை.

“மணி அடிக்கலையா ஆயாம்மா?” என்றபடி டீச்சர் வந்தார். நான் பிள்ளை பக்கம் கையைக் காட்டினேன். அவரும் பார்த்தார். வாயில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

பிந்தித்தான் மணி அடித்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். இவள் மட்டும் அசையவில்லை.

“ஏ புள்ள, மணி அடிச்சிருச்சு.”

தலையைத் தூக்காமலே சொன்னாள்: “இருங்க ஆயாம்மா, இன்னும் ஒரே ஒரு ஸ்டாப்புதான்.”