பத்தில் ஒரு பங்கு

ஏழாம் வகுப்புக்கு உணவுச் சங்கிலி நடத்துவதென்றால் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். மற்றப் பாடங்களைக் கரும்பலகையோடு முடித்துக்கொள்கிற ஆள்தான் நான். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, குஜிலியம்பாறை போகிற வழியில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இறங்குவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். பிறகு எங்கே ஆடிப் பாடி நடத்துவது? ஆனால் இந்தப் பாடத்துக்கு மட்டும் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்விடுவேன்.

வரிசையாக நிற்க வைப்பேன். முதல் பிள்ளை புல், அடுத்தது வெட்டுக்கிளி, அதற்கடுத்தது கோழி, கடைசியில் பருந்து. புல்லின் காலடியில் ஒரு வாளித் தண்ணீர். இரண்டு கையாலும் அள்ளி அடுத்தவர் கையில் ஊற்ற வேண்டும், அவர் அடுத்தவர் கையில். விரலிடுக்கில் ஒழுகி, முழங்கை வழியாக வடிந்து, பருந்தின் உள்ளங்கைக்கு வந்து சேரும்போது ஒரு வாய்க்குக்கூடப் போதாது.

"பாத்தீங்களா? தின்னதுல பெரும்பங்கு ஓடியாடி உசுரோட இருக்கவே செலவாயிரும். ஒவ்வொரு படியிலயும் பத்துல ஒரு பங்கு சக்திதான் மேல போகும்" என்பேன். புரியாத பிள்ளைக்கும் புரிந்துவிடும். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் பருந்தாக நின்றவள் முதல் பெஞ்சுச் சிறுமி. எதைச் சொன்னாலும் "ஏன் டீச்சர்?" என்று ஆரம்பிப்பவள். பாதி நாள் எனக்கு எரிச்சலாக இருக்கும், மீதி நாள் அவளுக்காகவே வகுப்புக்குப் போவேன். அவள் பின்னாலேயே ஒரு செவலை நாய் வரும். ஒரு காது மடங்கியே இருக்கும். காம்பவுண்டுச் சுவரோரம் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்து, மணி அடித்ததும் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு அவளோடு வீட்டுக்குப் போகும். அன்று கையில் ஒட்டிய தண்ணீரை அவள் பக்கத்தில் நின்றவள் முகத்தில் உதறிவிட்டுச் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த வாரம், மத்தியானத்துக்கு முந்தைய பீரியட். அவரவர் வீட்டில் பார்த்த உணவுச் சங்கிலியைச் சொல்லுங்கள் என்றேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"மக்காச்சோளம், அப்புறம் கோழி, அப்புறம் நாங்க டீச்சர்."

"சபாஷ்."

"மருந்து வச்ச மக்காச்சோளம் டீச்சர்."

எனக்கு விளங்கவில்லை. என்ன மருந்து என்றேன்.

"எங்கப்பா எலிக்குக் குருணை மருந்து கலந்து வரப்புல வச்சிருந்தாரு. கோழியெல்லாம் போயித் தின்னுருச்சு. காலையில பாத்தா தூங்கித் தூங்கி விழுகுது. அம்மா, வேணாம், பொதச்சுருவோம்னாங்க. நாந்தான் விடல. கோழி தின்னதுல பத்துல ஒரு பங்குதான் நமக்கு வரும், டீச்சர் தண்ணி ஊத்திக் காட்டுனாங்க, அதையும் வேக வச்சுட்டா ஒண்ணுமே இருக்காதுன்னு சொன்னேன். அம்மா சரின்ட்டாங்க. இன்னைக்குக் கடல பறிக்கிறவுகளுக்கெல்லாம் கறிச்சோறு டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் கோழி தூங்கி விழ ஆரம்பித்தால் உயிர் போவதற்கு முன்னால் அறுத்துவிடுவார்கள். தானாகச் செத்ததை யாரும் தொடமாட்டார்கள். கத்தி முந்திக்கொண்டால் கறி, இல்லையென்றால் குப்பைக்குழி. சீக்குக் கோழிக்கு எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனால் மருந்து தின்ற கோழி என்றதும் அந்த அம்மா தயங்கியிருக்கிறாள். அவள் தயக்கத்தை உடைத்தது என்னுடைய வாளித் தண்ணீர்.

மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முனகியது. கையிலிருந்த சாக்பீஸ் எப்போது விழுந்ததென்று தெரியாது.

"நாய் எங்க? இன்னைக்கு வரலயா?" என்று ஏன் கேட்டேன் என்றும் தெரியாது.

"அதுக்கும் இன்னைக்கு விருந்து டீச்சர். கொடலெல்லாம் அதுக்குத்தான் போட்டோம். வரமாட்டேன்னுருச்சு."

அவள் அப்பாவின் செல்போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே. தலைமையாசிரியரிடம் போய், இவள் வீட்டுக் கடலைக்காட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லுங்கள் சார் என்று கத்தினேன். அவர் யாருக்கு என்ன என்று கேட்பதற்குள் தமிழ் டீச்சரின் ஸ்கூட்டிச் சாவியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீடு வழியில்தான் இருந்தது. அம்மா இன்னும் கிளம்பாமல் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும் என்று ஒரு ஆசை. கதவு பூட்டியிருந்தது. அம்மா சோற்றுப் பாத்திரங்களோடு கடலைக்காட்டுக்குப் போய்விட்டாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோழி இறகு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் நாய் கிடந்தது. நாலு காலும் விறைத்து நீட்டியிருந்தன, வாயில் நுரை. மடங்கிய காதின் மேல் ஈ உட்கார்ந்திருந்தது.

அவள் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கிராமத்துப் பிள்ளை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குனிந்து அந்த ஈயை ஓட்டினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அழுறதுக்கு அப்புறம் நேரமிருக்கு. ஏறு வண்டியில" என்று அதட்டினேன்.

காட்டில் புங்கமரத்து நிழலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறு விழுந்துவிட்டது. அவள் அம்மா குழம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். நான் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டுப் பறித்துப் போட்டிருந்த கடலைச் செடிகளுக்கு நடுவே சேலை தடுக்கத் தடுக்க ஓடினேன்.

"வாயில வைக்காதீங்க! யாரும் வாயில வைக்காதீங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பா மட்டும் பிசைந்த சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். பேசி நிறுத்த நேரமில்லை. அவர் கையைத் தட்டிவிட்டேன். சோறு அவர் சட்டையிலும் தரையிலும் தெறித்தது.

"என்ன டீச்சர், திங்கிற சோத்தத் தட்டி விடுறீக?" என்று எழுந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, நம்ம நாய் செத்துப்போச்சுப்பா" என்றாள் அவள் எனக்குப் பின்னாலிருந்து. "கொடலத் தின்னுட்டுச் செத்துப்போச்சு."

ஒருவர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு எல்லோரும் வைத்தார்கள். அம்மா சட்டியை இறக்காமல் என்னையே பார்த்தாள்.

"நீங்க சொன்னதாத்தான டீச்சர் பாப்பா சொல்லுச்சு? பத்துல ஒண்ணுதான் வருமாமே?"

குரலில் கோபமே இல்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இதில் தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பது மாதிரிக் கேட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். நான் சக்தியைச் சொன்னேன், விஷத்தைச் சொல்லவில்லை என்று அந்தப் புங்கமரத்தடியில் யாரிடம் விளக்குவது?

அப்புறம் அந்த அம்மாவின் கை மெல்ல வாய்க்குப் போனது.

"நான் உப்புப் பாத்தேனே டீச்சர்."

"எம்புட்டு?"

"உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தேன். கொஞ்சூண்டுதான்."

பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஆம்புலன்ஸ் ஏறும்போது அந்த அம்மா, அடுப்பை அணைத்தேனா என்று மகளிடம் கேட்டாள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். டாக்டர் ஊசி போட்டு, ராத்திரி முழுக்க இங்கேயே இருக்கட்டும் என்றார். அவள் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, எலிக்கு வச்சீங்களா, மயிலுக்கு வச்சீங்களாண்ணே என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் எலிக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மயிலைக் கொன்றால் ஜெயில் என்பதால் மயிலுக்கு என்று யாரும் சொன்னதில்லை. அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, எலிக்குத்தான் டீச்சர் என்றார். குழம்பு, மிச்சக் கோழி, நாய் எல்லாவற்றையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். வெளியே கொட்டினால் காக்கையும் சாகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றைக்கு அவருக்கு அதைச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அம்மா மறுநாள் நல்லபடியாக வீடு திரும்பினாள். சட்டியில் இருந்த அந்தக் குழம்பு வேறு யார் வயிற்றுக்கும் போகவில்லை. ஊரில் என்னைப் புகழ்ந்து பேசினார்கள். டீச்சர் ஓடி வராவிட்டால் அம்புட்டுப் பேரும் போயிருப்பார்கள் என்றார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. பஸ்ஸில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தச் சிறுமி மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று பிள்ளைகளை மறுபடியும் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அதே வரிசை, அதே வாளி. இந்த முறை தண்ணீருக்குள் கொஞ்சம் கூழாங்கற்களையும் போட்டேன். புல் அள்ளியது, வெட்டுக்கிளி வாங்கியது, கோழி வாங்கியது. தண்ணீர் வழக்கம்போல வழியெல்லாம் ஒழுகிப் போனது. கற்கள் மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு அப்படியே போயின.

"தண்ணிதான் சக்தி. கல்லுதான் விஷம்" என்றேன். "அது ஒழுகாது. கடைசிக் கை வரைக்கும் வரும்."

பருந்தாக நின்றவள் விரல்களை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது, அதில் அத்தனை கல்லும் இருந்தது. பிறகு நாய் வழக்கமாகப் படுத்திருந்த சுவரோரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இதையும் அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல டீச்சர்?"

அது மேல் வகுப்பில்தான் வருகிறது என்பது வாய் வரைக்கும் வந்தது. "சொல்லிருக்கணும்" என்றேன்.