சப்பாத்துக்குள் எலி

போன செவ்வாய்க்கிழமை என்னை எலி கடித்துவிட்டது. சிரிக்காதீர்கள். வெள்ளவத்தையில், லிஃப்ட் உள்ள ஃபிளாட்டில், மூன்றாம் மாடியில்!

கடித்த இடம்தான் இன்னும் வெட்கக்கேடு. என் மகன் காலில் போடுகிற சப்பாத்துக்குள்.

மகன் கனடாவில். சப்பாத்து மட்டும் என் வாசலில். கொழும்பில் தனியாக இருக்கும் பெண்கள் பலர் செய்கிற வேலைதான் இது. வீட்டில் ஆம்பிளை இருக்கிறான் என்று கள்ளன் நினைக்க வேண்டுமாம். கணவர் இறந்த பிறகு நானும் வைத்தேன். சும்மா வைத்தால் போதுமா? நம்புகிற மாதிரி இருக்க வேண்டாமா? அதனால் அடிக்கடி தூசு தட்டித் திருப்பி வைப்பேன். அன்றைக்கும் துணியோடு கையை உள்ளே விட்டேன்... சுள்ளென்று ஒரு கடி! எலி படியால் இறங்கி ஓடிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, கால் மணி நேரம் விரலைக் கழுவினேன். பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். மெல்பர்ன் மச்சாள் மஞ்சள் பூசச் சொன்னார். லண்டன் அக்கா கும்பிடும் கை அனுப்பினார். மகனுக்கு அங்கே நடுச்சாமம். ஆட்டோ பிடித்து நானே போனேன்.

டொக்டர் சின்னப் பெண். டெட்டனஸ் வராமல் ஏற்பு ஊசி போட்டு, குளிசை எழுதித் தந்தார்.

"இதுக்கு விசர்நாய் ஊசி தேவையில்ல அன்ரி. ஆனா காய்ச்சல், மூட்டு நோ, தோலில சிவப்பு ஏதும் வந்தா உடன வரவேணும். மூண்டு கிழமைக்குக் கவனம். வீட்டில ஆர் உங்களப் பாப்பினம்?"

"மகன் இருக்கிறார்."

பார்த்தீர்களா? டொக்டருக்கும் சப்பாத்தைக் காட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்தது. எலிக்கு அல்ல. காய்ச்சலில் மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? எப்போது கதவை உடைப்பார்கள்? ஆட்டோவில் இருந்தே அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார்.

வீட்டுக்குப் போகாமல் எதிர் வீட்டு மணியை அடித்தேன். பத்மா என்று பெயர் தெரியும். லிஃப்டில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் வாயைப் பிளந்தார். "தனியவோ இருக்கிறியள்? மகன் நிக்கிறார் எண்டல்லோ நினைச்சனான்! பகல் முழுக்கச் சப்பாத்து வாசலிலதானே... இரவு வேலையாக்கும், பகலில படுக்கிறாராக்கும் எண்டு நான் உங்கட பெல்லே அடிக்கிறேல்ல அக்கா!"

கள்ளன் நம்பினானோ தெரியாது. பக்கத்து வீடுகள் நன்றாக நம்பிவிட்டன. ஒரு பண்டிகைக்குக்கூட யாரும் என் மணியை அடிக்காததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"ஒரு திறப்பை என்னட்டத் தாங்கோ" என்றார் பத்மா. வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தேன்.

இப்போது காலையில் வருகிறார். நெற்றியில் கையை வைத்துப் பார்க்கிறார். காய்ச்சல் இல்லை. ஆனாலும் இருந்து தேத்தண்ணி குடித்து, கதைத்துவிட்டுத்தான் போகிறார். என் நெற்றியை ஒருவர் தொட்டு எவ்வளவு காலம்!

நேற்றுக் கேட்டார்: "டொக்டர் எவ்வளவு நாளைக்குப் பாக்கச் சொன்னவ அக்கா?"

"அதை அவ வடிவாச் சொல்லேல்ல" என்றேன்.