பேத்தி அழுத ஏழாவது பாடம்

என் மாப்பிள்ளை கல்லூரியில் கணக்கு வாத்தியார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பஸ் ஓட்டப் போனவன். அவர் சொல்லும் கணக்கு எனக்கே பாதி புரியும்.

அவருடைய மாணவர்களுக்கு மட்டும் புரியாது. பருவ முடிவில் பிள்ளைகள் வாத்தியாருக்கு மார்க் போடும் ஊர் இது. மூன்று வருஷமாக ஒரே பாட்டு: “பேச்சு விளங்கவில்லை.” மாப்பிள்ளை நல்ல கறுப்பு. அவரைக் கண்டதும் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் காது அடைத்துக்கொள்ளும். இந்தத் தடவையும் மார்க் குறைந்தால் வேலை போய்விடும்.

பருவத்தின் நடுவில் என் பேத்தி பிறந்தாள். மூன்றே கால் கிலோ. மூக்கு அப்படியே என் மூக்கு. சரி, அதை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

மீதிப் பாடங்களை மாப்பிள்ளை வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பினார். முகம் தெரியாது, கணக்கும் குரலும்தான். நான் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நடப்பேன். கல்லூரி ஆபீசில் யாரோ அந்தப் பாடங்களுக்கு மேலே தவறுதலாக வேறு வாத்தியாரின் பெயரையும் படத்தையும் போட்டுவிட்டார்கள். தாடி வைத்த வெள்ளைக்காரர். நாங்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பார்க்கத்தான் பேத்தி இருந்தாளே.

மார்க் வந்தது. தாடிக்காரருக்கு ஐந்துக்கு ஐந்து, மாப்பிள்ளைக்கு ஒன்றரை. “கடைசியில் புரிகிற மாதிரி ஒருவர் பேசினார். பழையவரைத் திரும்ப அனுப்பாதீர்கள்.”

“மாமா, என்னை வச்சுக்கிட்டு என்னையே போகச் சொல்றாங்க” என்றார் மாப்பிள்ளை.

துறைத் தலைவி அம்மாவிடம் போய், அது தன் குரல் என்று சொன்னாராம்.

“உங்க குரலா? ரொம்பத் தெளிவா இருந்துச்சே!”

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவரிடம், “ஏழாவது பாடத்தைப் போடச் சொல்லுங்க மாப்பிள்ளை. அன்னைக்குத்தான் பாப்பா ஊரைக் கூட்டினா” என்றேன்.

மறுநாள் எல்லா வாத்தியார்களுக்கும் முன்னால் போட்டார்கள். நடுக்கணக்கில் பேத்தி வீறிட்டாள். பின்னாலேயே என் குரல்: “அழாதடி ராசாத்தி, அப்பா பாடம் நடத்துறாருல்ல?”

தாடிக்காரர் எழுந்தார். “எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. குழந்தை பொறந்ததுக்கு வாழ்த்துன்னு பிள்ளைங்க அட்டை கொடுத்தப்பவே பயந்துட்டேன்.”

வேலை நிரந்தரமானது. அடுத்த பருவத்தில் மாப்பிள்ளைக்கு நாலு மார்க். “பேச்சு நன்றாகத் தேறியிருக்கிறது. தாடிக்காரரிடம் கற்றுக்கொண்டிருப்பார் போல” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.

இப்போது என் பேத்தி எவ்வளவு கத்தினாலும் வீட்டில் யாரும் அதட்டுவதில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் தடவையிலேயே எல்லோருக்கும் விளங்கியது அவள் ஒருத்தியின் பேச்சுதான்.