சிவப்புக் கலரில், இரண்டு பேருக்கு

அந்தக் காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலைச் செய்து வாங்குவது என்று முடிவு செய்தபோது நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, சீட்டு இரண்டே இரண்டு, கூரை கிடையாது. அசல் காரின் விலைக்கு எங்கள் ஊர் வேப்பந்தட்டையில் பாதியை வாங்கிவிடலாம். நகல் என்றால் இங்கேயே கட்டிக்கொள்ளலாம், ஆனால் கட்டுகிற ஆளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்று இண்டர்நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் நான் வரைந்த படத்தை நீட்டினேன். மனைவி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களும் உங்க தமிழய்யாவும் ஏறி ஊர் சுத்துங்க. அந்தத் தொட்டிக்குள்ள நான் கால வைக்க மாட்டேன்" என்றாள். தமிழய்யா என்னோடு வேலை பார்த்தவர், தினமும் என்னோடு டீ குடிப்பவர். அவருக்காகவா நான் கார் கட்டுகிறேன்? பக்கத்து சீட்டில் அவள் இல்லையென்றால் அந்தக் கார் எனக்கு எதற்கு? இதை வாயால் சொல்லித் தொலைத்திருக்கலாம். கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆள் தேடக் கிளம்பிவிட்டேன்.

பெரம்பலூரில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர் படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். "ரெண்டு பேருக்கு எதுக்கு சார் இவ்ளோ நீளம்? பின்னால நாலு சிமெண்டு மூட்டை ஏத்தலாமே" என்றார். பிறகு, "மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க. அவங்க சரின்னாத்தான் நான் கைய வைப்பேன்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அரியலூரில் இன்னொருவர் அப்படியெல்லாம் படுத்தவில்லை. "ஆர்.டி.ஓ.வ நான் பாத்துக்கறேன் சார், அட்வான்ஸ மட்டும் போடுங்க" என்றார். கட்டி முடித்த கார் ஏதாவது இருக்கிறதா என்றேன். போனில் ஒரு போட்டோ காட்டினார். நான் பார்த்து வரைந்த அதே இண்டர்நெட் போட்டோ.

மனம் விட்டுப்போய்ப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவே டீக்கடைக்காரரிடம், நல்லா பாடி கட்டுகிறவர் யாராவது தெரியுமா என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு நம்பர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"பாடி கட்டணும்ங்க."

எதிர்க்குரல் தணிந்தது. "யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, "எனக்குத்தாங்க! ரொம்ப நாள் ஆச!" என்று கத்தினேன்.

"ஒரு ஆளுக்கா?"

"ரெண்டு பேருக்கு. நானும் வூட்டுக்காரம்மாவும், பக்கத்துப் பக்கத்துல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒத்துக்க மாட்டேங்குது. தூக்கி உள்ள வச்சிருவேன். மேல மூட வேணாம், காத்தாடப் போவணும். செவப்புக் கலரு."

"எப்ப எடுக்கிறீங்க?"

"தை பொறந்ததும் எடுத்துட்டா நல்லது."

அவர் என் ஊரையும் தெருவையும் கேட்டார். "நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணிடாதீங்கய்யா" என்றார். ஆர்டர் கைநழுவிவிடுமோ என்று பயப்படுகிறார், தொழிலில் இப்படி ஒரு பக்தியா என்று எனக்குப் புல்லரித்தது.

மத்தியானம் டூவீலரில் மனைவியோடு வந்து இறங்கினார். அந்த அம்மாள் நேராக உள்ளே போய், பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாப் போயிடும்" என்று அழ ஆரம்பித்தாள்.

"யாரும்மா நீ?" என்றாள் என் மனைவி.

அவர் என் முன்னால் கைகூப்பி நின்றார். "புள்ளைங்க பாக்கலயா? கடனா? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்யா." நான் ஒன்றும் புரியாமல் கார் படத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாடியா? நான் கட்டறது பாடைங்க. மூங்கிலு, பச்சை மட்டை, பூவு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் மனைவி பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாள். "இவரு போன்ல என்ன சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

பாவம், அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டு பேருக்குன்னாரும்மா. நானும் வூட்டுக்காரம்மாவும்னாரு. பக்கத்துப் பக்கத்துலன்னாரு. நீங்க ஒத்துக்கலன்னா தூக்கி உள்ள வச்சிருவேன்னாரு."

"இவரா? என்னையா?" என்று சிரிக்கத் தொடங்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த அம்மாளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினோம். கிளம்பும்போது அவர் வழக்கமாகச் சொல்கிற எதையோ சொல்ல வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "தேவைப்படாமலே இருக்கட்டும்யா" என்றார்.

அவர்கள் போன பிறகு, நான் ஆள் தேடி அலைந்த கதையையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் அந்தப் படத்தை எடுத்துவைத்து வெகுநேரம் பார்த்தாள். "அந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவச் சொன்ன பெரம்பலூர்க்காரருக்குப் போனப் போடுங்க" என்றாள். போட்டதும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, கதவு மட்டும் அகலமா வைங்க. எனக்கு முட்டி மடங்காது. ஆமாண்ணே, பக்கத்துல நான்தான் உக்காந்து போவப்போறேன்."