சேவூரில் ஆடாத கரகம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். 1998, ஆடி மாதம். காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஆரணிக்கு டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். மீதி இரண்டு ரூபாயை இறங்கும்போது தருவதாகச் சொல்லிக் கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் கிறுக்கிக் கொடுத்தார். காஞ்சிபுரம் வருவதற்குள் நச்சரித்து வாங்கிவிட்டேன். நான் முன்கோபி, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். படிக்கிறவர்களும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இது கோபத்தோடு எழுதுகிற கட்டுரை.

அலுவலக நண்பர் தனசேகர் முதல் நாளே போயிருந்தார். அவர் அழைத்துத்தான் நானும் கிளம்பினேன். ஆரணியை ஒட்டிய சேவூர் அவருக்குச் சொந்த ஊர். அவர் தங்கை விஜயாவை உள்ளூரிலேயே, பட்டு நெய்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அந்தத் தெரு அம்மன் கோயிலுக்குப் பூங்கரகம் எடுப்பது வருடத்துக்கு ஒரு வீட்டு முறை. இந்த வருடம் விஜயா வீடு. பங்குனியில் அவள் மகளுக்கு டைபாய்டு வந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. பிள்ளை எழுந்து நடந்தால் கரகத்தை நானே சுமக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு ஆரணி. அங்கிருந்து டவுன் பஸ், ஒன்றரை ரூபாய். தெருவில் நுழைந்தபோது என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. கரகம் புறப்படுகிற நாளில் யாரும் தறியில் கால் வைப்பதில்லை, அதனால் தறிச் சத்தமே இல்லை என்று தனசேகர் சொன்னார். விஜயா வீட்டு வாசலில் இடுப்பளவு அண்டாவில் கேழ்வரகுக் கூழ். கரகம் எடுக்கிற வீடுதான் தெருவுக்கே கூழ் ஊற்ற வேண்டும். அவள் மஞ்சள் புடவையில், விரதத்தில் ஒட்டிப்போன கன்னத்தோடு, கூழுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கரகத்தை வைத்துக்கொண்டு ஆடவும் வேண்டுமாமே, உன்னால் முடியுமா அம்மா என்று கேட்டேன்.

"அம்மா நம்ம தலைமேல ஏறிகினு வர்றா சார். கொழந்தயத் தூக்கினு போறவ ஆடுவாளா? பார்த்து நடக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

எனக்கு அது சரியாகப் பட்டது. தெருவுக்குப் படவில்லை.

நாலு மணிக்கு ஏரிக்கரையில் கரகம் ஜோடித்தார்கள். ஏரியில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்து வயல் பம்புசெட்டிலிருந்து குடத்தில் பிடித்து வந்தார்கள். யாரும் ஏரியைக் குறை சொல்லவில்லை. வேப்பிலையும் பூவும் சுற்றிய கரகத்தை விஜயா தலையில் ஏற்றியதும் பம்பை அடிக்கத் தொடங்கினார்கள். அம்மனை அழைக்கிற பாட்டுக்கு வர்ணிப்பு என்று பெயர். இங்கே வழக்கம் என்னவென்றால், மூன்று வர்ணிப்பு முடிவதற்குள் கரகம் சுமப்பவளுக்கு அருள் வந்துவிட வேண்டும். உடம்பு நடுங்கவேண்டும், கண்ணீர் கொட்டவேண்டும். வராவிட்டால் கரகம் அடுத்த முறைக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.

முதல் வர்ணிப்பு முடிந்தது. விஜயா கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பம்பைக்காரரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். கரகத்தை அவள் கையால் பிடிக்கவே இல்லை. இரண்டாவதும் முடிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. திருட்டுத்தனமாகக் கருவாடு தின்றிருப்பாள் என்றாள் ஒருத்தி. புருஷன் குடித்துவிட்டுத் தொட்டிருப்பான் என்றாள் இன்னொருத்தி. அந்த மனிதர் பாவம், வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தனசேகர் வேப்பிலை சரிசெய்வதுபோலத் தங்கையின் காதருகே போனார். நான் பின்னாலேயே நின்றதால் எனக்கும் கேட்டது.

"ரெண்டு ஆட்டு ஆடிடு விஜயா. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊருக்குத் தெரியாதுண்ணா. தலைமேல கீறவளுக்குத் தெரியாதா?"

மூன்றாவதும் முடிந்தது. தர்மகர்த்தா முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய குங்குமம். "விரதத்துல இன்னாமோ கொறை கீது. அம்மா எறங்கமாட்டேன்றா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, கரகத்தை எடுத்துத் தன் மருமகள் தலையில் வைத்தார். அடுத்த முறை அவர் வீடுதான். அந்தப் பெண் கலா, கல்யாணமாகி நாலு மாதம்தான். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தவளைத் திருவிழாவுக்காக அழைத்து வந்திருந்தார்கள். பம்பை இரண்டு அடி அடிப்பதற்குள் அவள் தலைமுடி அவிழ, ஓலமிட்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் அழுதார்கள்.

பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது இராத்தூக்கம் இல்லாமல் கிடந்தவள், வாரக்கணக்கில் ஒருவேளைச் சோறு தின்றவள், வர்ணிப்பு முழுக்க மனப்பாடமாகச் சொல்கிறவள். அவள் நடுங்கவில்லையாம், ஆகவே பக்தி இல்லையாம்! மழையில் நனைந்தவனுக்கும் உடம்பு நடுங்குகிறது. வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் தராசாக வைத்துக்கொண்டு ஒருத்தியின் மனசை எடை போட இவர்கள் யார்?

கரகம் கோயில் சேர்ந்த பிறகு தெருக்கூட்டம் போட்டு, இனிமேல் அந்த வீட்டுக்கு முறை கிடையாது என்று முடிவு செய்தார்கள். அதைவிட மோசம், அண்டாக் கூழ் அப்படியே இருந்தது. ஒரு வீட்டுப் பாத்திரமும் வரவில்லை. நான் வேண்டுமென்றே வாசலில் நின்று, தெருவே பார்க்கும்படி இரண்டு சொம்பு குடித்தேன். வயிறு உப்பிக்கொண்டது. விஜயா மீதிக் கூழைக் கரைத்து மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். அப்போதும் அவள் அழவில்லை.

சனிக்கிழமை காலை நான் படவேடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. ரேணுகாம்பாள் சந்நிதியில் வேண்டுதலை முடித்துவிடுகிறேன் என்று விஜயாவும் மகளோடு கிளம்பினாள். தனசேகர் வரவில்லை. தர்மகர்த்தா காலில் விழுந்தாவது முறையைத் திரும்ப வாங்குகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆரணியிலிருந்து சந்தவாசல் வழியாகப் படவேடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஆறு ரூபாய். பஸ் குறைவு, அதனால் கூட்டம். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பெண் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். சந்தவாசல் தாண்டி மலை தெரிய ஆரம்பித்தபோது திரும்பிப் பார்த்தாள். கலா. அம்மா வீடு படவேட்டில்தானாம். திருவிழா முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

"எனக்கும் ஒண்ணும் வரலக்கா. மாமியார் பின்னாடி நின்னு இடிச்சிகினே இருந்தாங்க. உன்னப் பேசின பேச்சு என்னயும் பேசுவாங்களேன்னு பயந்துட்டேன்" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பஸ்ஸை நிறுத்தி, இப்போதே சேவூருக்குத் திரும்பி, தெருநடுவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. தெருவில் விஜயாவின் மானம் போனது இந்தப் பெண்ணால்தான். விஜயாவோ கையை நீட்டிக் கலாவின் பிடரியைத் தொட்டாள்.

"அந்தக் குலுக்கு குலுக்குனியே. கழுத்து வலிக்குதா?"

கலா ஆமாம் என்று தலையாட்டப் போய், முடியாமல், விசும்பினாள். விஜயா முன்னால் சாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள். நேற்றெல்லாம் வராத கண்ணீர் அப்போது அவளுக்கு வந்தது. நான் மலையைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கும்போது விஜயா என்னிடம் வந்தாள். "இத ஊர்ல சொல்லிடாதீங்க சார். எங்கண்ணன்கிட்ட கூட. என்னப் பேசினது பேசியாச்சு. இவ அந்த வீட்ல வாழணும்." அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஊர், ஆள் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சந்நிதியில் மகளை முன்னால் நிறுத்திக் கும்பிட்டாள். பக்கத்தில் கலா நின்றாள். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

மூன்று மணிக்கு ஆரணி பஸ் நிலையம். விஜயாவையும் மகளையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சென்னைப் பஸ்ஸுக்காக நின்றேன். சேவூரைத் திட்டிவிட்டு மாம்பலத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்றால் அதுவும் முடியாது. எங்கள் காலனி பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் கண்ணைத் துடைக்கிறவருக்குத்தான் முதல் ஆரத்தி. கொட்டாவி விடுகிற எனக்குக் கடைசியில்தான் தட்டு வரும்.

பூக்கடைப் பக்கத்திலிருந்து தர்மகர்த்தா மாலைக்கட்டோடு வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு முகமெல்லாம் சிரிப்பு. நான் வாயைத் திறந்தேன். விஜயா சொன்னது நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன்.

"எங்கம்மா எப்படி எறங்கினா, பார்த்தீங்களா சார்? உங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சா இல்லியா?" என்று கேட்டார்.

வந்தது என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.